எந்தக் குளத்துப் பூ?

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பின்னேரம், ஒரு கூட்டத்தில், அந்தப் பெயரை ஆளுக்கொரு தரம் சொல்லி அழுக்காக்கினோம். அன்றைக்கு அதை முத்து முத்தான எழுத்தில் தாளில் எழுதியவளும் நான்தான். ஒரு பெயருக்கு அந்த அழுக்கே போதும். என் கைபேசியிலும் அவருடைய பெயர் இருக்கவில்லை. ‘தாமரை’ என்று போட்டு வைத்திருந்தேன். ஆட்களின் பெயரைவிட அவர்களிடம் வாங்கும் சாமானின் பெயர்தான் எனக்கு நினைவில் நிற்கும். மீன்காரர், பால்காரர், தாமரை.

அவரிடம் தாமரை மட்டும் இருக்கவில்லை. வெள்ளை அல்லி, நீல அல்லி, கொட்டி, வல்லாரை, கரையோரம் நட்டால் அழகாக நிற்கும் ஒரு வகைக் கோரை என்று தண்ணீரிலும் சேற்றிலும் முளைக்கிற எல்லாம் இருந்தது. இருந்தது என்றால் வீட்டில் அல்ல. குளங்களில் இருந்தது. எந்தக் குளத்தின் எந்த மூலையில் எது நிற்கிறது என்பது அவருடைய தலைக்குள் இருந்தது. போன் எடுத்தால் ‘ஹலோ’ சொல்ல மாட்டார்.

“நான் இப்ப துருசடியில நிக்கிறன். சொல்லுங்கோ.”

குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகைத்தான் எங்கள் பக்கத்தில் துருசு என்போம். பாதி நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் என்னோடு கதைத்தார். கைபேசியைப் பொலித்தீன் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பையைத் திறக்காமலே அதற்குள்ளால் கதைப்பார். அதனால் அவருடைய குரல் எப்போதும் கொஞ்சம் அமுங்கித்தான் கேட்கும்.

நான் முள்ளியவளையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இதைக் கவனத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். நான் இருக்கும் வீடு கனடாவில் இருக்கிற அண்ணா கட்டியது. வீடு முடிந்து குடிபுக நாள் பார்க்கும் தறுவாயில் அவர் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினார். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒரு சின்னத் தடாகம், அதில் பூக்கள். “குடிபூரலுக்கு இப்பிடி ஒண்டு முன்னுக்கு வேணும் தங்கச்சி, நீதான் பாக்கவேணும்” என்று குரல் செய்தியும் வந்தது. மேசன் இரண்டு கிழமையில் வட்டமாக ஒரு தொட்டியைக் கட்டித் தந்துவிட்டார். அதற்குள் எதை வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய பாடாகப் போய்விட்டது.

பட்டணத்து நாற்றுக்கடையில் குரோட்டனும் ரோசாவும்தான் இருந்தன. தண்ணீருக்குள் வைக்கிற கன்று கேட்டேன் என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நெல்லுத்தான் ரீச்சர் தண்ணிக்குள்ள வைக்கிறது” என்றார். கிளிநொச்சியில் ஒரு இடம் சொன்னார்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் பிளாஸ்ரிக் தாமரை. கடைசியில் கோயிலில் ஐயரிடம் கேட்டேன். சுவாமிக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தாமரை மொட்டு எங்கிருந்து வருகிறது என்று. “அது சைக்கிளில ஒரு பொம்பிளை கொண்டு வாறவா” என்றார். அவருக்கும் பெயர் தெரியவில்லை.

சைக்கிள் கரியரில் நனைந்த சாக்கோடு அவர் என் வீட்டுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கவேணும். ஆனால் நான் ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. “இஞ்ச பாருங்கோ” என்றுதான் கூப்பிடுவேன். அவர் தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மேசன் போட்டுவிட்டுப் போன மண்ணை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு எழும்பி, “என்ட மகள் உங்கட வகுப்பிலதான் ரீச்சர், ரெண்டாவது வரிசையில இருக்கிறவா” என்றார். எனக்கு யார் என்று விளங்கியது. கெட்டிக்காரப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் தாய் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

முதல் தரம் அவர் கன்று கொண்டுவந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, விருந்துக்கு வந்த சொந்தக்காரரை அறிமுகம் செய்வது போல எனக்கு அறிமுகம் செய்தார்.

“இவா மல்லாவிப் பக்கத்து ஆள். சின்னக் குளம், களிமண். இஞ்சத்த மண் பிடிபட ஒரு கிழமை செல்லும், அதுவரைக்கும் இலை தலை குனிஞ்சுதான் நிக்கும், பயப்படாதேங்கோ. இந்த நீலம் எங்கட குளத்து வடக்குக் கரை. வெயில் ஏறினாப் பூவை மூடிப்போடுவா, கொஞ்சம் திமிர். இந்தக் கோரை வாய்க்கால் ஓரத்தில நிண்டது, அநாதை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எங்கயெண்டாலும் பரவாயில்லை, பூத்தாச் சரி” என்றேன்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ ரீச்சர். எங்கத்தையது எண்டு தெரியாத ஒண்டை நான் ஆருக்கும் குடுக்க மாட்டன்.”

அதுதான் அவர். வேறு எதைச் சொன்னாலும் அதைச் சுற்றித்தான் சொல்லவேண்டும். ஒரு வல்லாரைக் கட்டை விற்றால்கூட எந்தக் குளத்துக் கரை, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் கையை விட்டு விடமாட்டார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஐயர் கையில் மொட்டைக் கொடுக்கும்போதும், “இது இண்டைக்குத் தெற்குப் பக்கம்” என்பாராம். ஐயர் தலையாட்டுவாராம். வேரை மூன்று தண்ணீரில் கழுவாமல் ஒரு குளத்தில் இருந்து இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோக மாட்டார். தன் காலையும் கழுவித்தான் சைக்கிளில் ஏறுவார். கன்று பிடிக்காவிட்டால் எறியவும் விடமாட்டார்.

ஒரு தாமரைக் கிழங்கு என் தொட்டியில் அழுகத் தொடங்கியது. நான் அதைத் தூக்கி வேலியோரக் குப்பையில் போட்டுவிட்டேன். அடுத்த கிழமை வந்தவர் அதைக் கண்டுவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. குப்பையைக் கிளறி எடுத்து, கழுவி, ஈரச் சாக்கில் சுற்றினார்.

“பிடிக்காட்டி எறியாதேங்கோ ரீச்சர். எடுத்த இடத்தில கொண்டு போய் விடவேணும்.”

“மல்லாவிக்கோ? ஒரு கிழங்குக்காகவோ?”

“கொண்டு வந்தது நான்தானே.”

“குப்பையில கிடந்து உக்கினா என்ன வந்திடும்?”

“எறிஞ்சா அது தன்ர பாட்டுக்கு எங்கயாவது போகும். போன இடத்தில அதால என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே.”

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்தேன். கிழங்கை பஸ்ஸில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்புகிற மனிசி என்று. எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒருவர், “அவை தோட்டக்காட்டுச் சனம், அப்பிடித்தான் ஏதேனும் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்” என்றார். மலையகத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பங்களை எங்கள் ஆட்கள் இன்னமும் இப்படித்தான் சொல்லுகிறோம். அவருடைய தாயும் தகப்பனும்தான் வந்தவர்கள். அவர் இங்கே பிறந்து, இங்கத்தைத் தமிழில் ஓம் ஓம் என்று கதைத்து, இந்தக் குளத்துத் தண்ணீரிலேயே காலம் போக்கியவர். தாயோடு போனில் கதைக்கும்போது மட்டும் ‘ஆமாம்மா, சரிங்கம்மா’ என்று வரும். அன்றைக்கு ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டிருந்த வாயை நான் மூடவில்லை.

அண்ணாவுக்கு வீடியோவில் தொட்டியைக் காட்டினேன். நீல அல்லி இரண்டு பூத்திருந்தது. அவர் முகம் மலரவில்லை. “உது குளத்துப் பூவல்லோ தங்கச்சி. வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. எதற்கு வெட்கப்படவேணுமோ அதற்கு வெட்கப்படாமல் எதற்கெல்லாமோ வெட்கப்பட்டுத் திரிந்தேன் நான்.

பேஸ்புக்கில் தேடினேன். தெற்கில் யாரோ ஒருவர் அடுக்கிதழ் அல்லி விற்கிறார். பஸ்ஸில் பார்சல் வந்தது. பெரிய பொலித்தீன் பைக்குள் தண்ணீர், இரண்டு கன்று. தண்ணீரின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பச்சையாக ஏதோ மிதந்தது. இனாமாக வந்தது என்று அதையும் சேர்த்துத் தொட்டிக்குள் ஊற்றினேன். கறுத்த தண்ணீர் மேல் அது பரவிக் கிடக்க உண்மையிலேயே வடிவாக இருந்தது.

அடுத்த நாள் அவர் வந்தார். தொட்டியடியில் குந்தினார்.

“இது எங்கத்தையது?”

“கொழும்புப் பக்கம்.”

“கொழும்பில எந்தக் குளம்?”

“பேஸ்புக் குளம்” என்று பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு பச்சைப் பொத்தானை விரலில் எடுத்துப் பிரட்டிப் பார்த்தார். “இதை முழுக்க அள்ளிக் கல்லில போட்டுக் காய விடுங்கோ ரீச்சர். மண்ணில போடாதேங்கோ. இந்தத் தொட்டித் தண்ணியையும் வாய்க்காலுக்கு விட்டிடாதேங்கோ. வாழைக்கு ஊத்துங்கோ.” நான் ஓம் ஓம் என்றேன். குடிபூரலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. படம் எடுக்க வடிவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

குடிபூரல் அன்று வந்தவர்கள் எல்லோரும் தொட்டியைச் சுற்றித்தான் நின்றார்கள். அண்ணா கனடாவில் இருந்து வந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. “எங்க எடுத்தனீங்கள்?” என்று யாரோ கேட்டார். “எல்லாம் கொழும்பில இருந்து எடுப்பிச்சது” என்றேன். நீல அல்லியையும் கோரையையும் சேர்த்துத்தான் சொன்னேன். திரும்பினால், பூசைக்குக் கொண்டுவந்த தாமரைக் கட்டோடு அவர் குசினிப் பக்க வாசலில் நின்றார். கேட்டுவிட்டார். தாமரையை என் கையில் தரும்போது மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி, “தெற்குப் பக்கம்” என்றார். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணா திரும்பிப் போய்விட்டார். தொட்டியைப் பார்க்க ஆள் இல்லை. பச்சைப் பொத்தான்கள் பெருகித் தண்ணீரை மூடிவிட்டன. ஐப்பசியில் ஒரு நாள் டெங்குப் பரிசோதனைக்கு ஆட்கள் வீதியால் வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் இருந்து சொன்னார்கள். தொட்டியில் நுளம்புக் குடம்பி நெளிந்தால் ரீச்சர் வீட்டில் பிடித்தார்கள் என்று ஊர் முழுக்கக் கதை போகும். நீல அல்லிச் சட்டியை மட்டும் தூக்கி ஒரு வாளிக்குள் வைத்துவிட்டு, அடிக் குழாயின் அடைப்பைப் பிடுங்கினேன். வராததைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளினேன். வாழை வளவின் மற்றத் தொங்கலில், எட்டத்தில் நின்றது. வாய்க்கால் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். பரிசோதகர்கள் வந்தபோது தொட்டி பளிச்சென்று இருந்தது. “ரீச்சர் எண்டா ரீச்சர்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற அந்த மழை வாய்க்கால் நேரே ஊர்க் குளத்துக்குப் போகிறது. மழைநீர் எங்கே விழுந்து எங்கே வடிகிறது என்பதை இருபது வருசமாகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள் நான். அன்று மாலையே மழை தொடங்கியது. அந்த மாரியில் குளம் இரண்டு தரம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலையில் போன் வந்தது. தாமரை என்று திரையில் விழுந்தது.

“நான் குளத்து வடக்குக் கரையில நிக்கிறன் ரீச்சர். இஞ்ச ஒரு புது ஆள் வந்திருக்கிறா. எங்கத்தையா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

பையின் ஊடாக அமுங்கி வந்த அந்தக் குரலில் கோபம் இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது. எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

தண்ணீர் சலசலத்தது. “சரி ரீச்சர்” என்று வைத்துவிட்டார்.

மாசி முடிவதற்குள் குளத்தின் அரைவாசியைப் பச்சை மூடிவிட்டது. இலைகள் தடித்து மடிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சல்வீனியா என்று பாடப்புத்தகத்தில் நானே படிப்பித்த சாமான்தான். முற்றிய பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது, சின்னதில் தெரியவில்லை. வலை விரிக்க முடியவில்லை. துருசு அடைபட்டது. சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கிற கதை கதைக்க வயல்காரர் சங்கத்தார் கூட்டம் கூட்டினார்கள். எனக்கும் குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயல் இருக்கிறது, அதனால் போனேன். செயலாளருக்குக் காய்ச்சல். “ரீச்சர் எழுதட்டும், அவாட எழுத்து வடிவு” என்றார் தலைவர்.

பொதுமண்டபம் நிரம்பியிருந்தது. ஒருவர் எழும்பி, “நான் கண்ணால கண்டனான். அந்தத் தாமரைக்காரி சாக்கு சாக்காய் இதைக் கட்டிக்கொண்டு திரிஞ்சவள்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மை. அந்த மனிசி ஒரு மாதமாகத் தனி ஆளாக அதை அள்ளி அள்ளிக் கரைக்குக் கொண்டுபோய்ப் பாறையில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆளுக்கு ஆள் எழும்பினார்கள். குளம் குளமாகத் திரிகிறவள் அவள்தானே, எங்கேயோ இருந்து இங்கே கொண்டுவந்து போட்டவள் வேறு ஆர்? உந்தத் தோட்டக்காட்டாரைக் குளத்துக்குள் இறங்க விட்டதே பிழை. ஒவ்வொரு தரமும் அவருடைய பெயர். பின்னுக்குக் கதவோரம் அவர் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

தலைவர் அவரைப் பார்த்துக் கேட்டார்: “சொல்லும். இது எங்கயிருந்து வந்தது?”

வாழ்நாளில் ஒரு இலையைக்கூட ஊர் சொல்லாமல் கை மாற்றாத மனிசியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர் மண்டபத்தைப் பார்த்தார். பிறகு மேசையடியில் பேனையோடு இருந்த என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார். தாயோடு கதைக்கிற தமிழில்.

நான் போனில் அவருக்குச் சொன்ன அதே சொல்.

என் வாய் திறக்கவில்லை. கை மட்டும் எழுதியது. ‘வெளியார் குளத்தினுள் இறங்கிப் பூ, கிழங்கு முதலியன எடுத்தல் இன்று முதல் தடை செய்யப்படுகிறது’ என்று எழுதி, அதன் கீழ் அவருடைய பெயரையும் எழுதினேன். தோட்டக்காட்டார் என்பதை வெளியார் என்று மாற்றியது என்னுடைய நாகரிகம். அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். என் பேனையைத்தான் கொடுத்தேன்.

நாலு ஞாயிறு ஊர்கூடிச் சிரமதானம் செய்து குளத்தைத் துப்புரவாக்கினார்கள். நான் பெரிய அண்டாவில் தேத்தண்ணி வைத்துக் கொண்டுபோனேன். தேத்தண்ணி நல்லாயிருக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கூலிக்குக் கச்சான், அதுதான் நிலக்கடலை, பிடுங்கப் போகத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். கோயிலில் தாமரைக்குப் பதிலாகச் செவ்வரத்தம்பூ வைத்தார்கள். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாள் போகப் போகச் சொல்லாமல் இருப்பது சுகமாக இருந்தது, அதுதான் இன்னும் கேவலம்.

வகுப்பில் வடிநிலம் பற்றிய பாடம் வந்தது. வருசா வருசம் நான் கொடுக்கிற பயிற்சி ஒன்று உண்டு. ‘உங்கள் ஊரில் பெய்யும் மழை எந்த வழியால் குளத்தைச் சேருகிறது, படம் கீறுக.’ கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வந்தேன். இரண்டாவது வரிசைப் பிள்ளையின் கொப்பியில் படம் மிகத் துப்புரவாக இருந்தது. குளம், கட்டு, துருசு, வான். குளத்தில் விழுகிற வாய்க்கால். வாய்க்காலைப் பின்னுக்குப் பின்னுக்குத் தொடர்ந்து போனால் அதன் தலைப்பில் ஒரு வீடு. வீட்டின் முன்னால் ஒரு சின்ன வட்டம். மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருந்த பிள்ளை அந்த வீட்டுக்கு மட்டும் பெயர் எழுதவில்லை.

சரி போட்டேன். படம் சரிதானே.

அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன். காட்டோரம், தகரக் கூரை. முற்றத்தில் கச்சான் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை.

“அக்கா” என்றேன். முதல் தரம். “அது என்ர தொட்டியில இருந்து போனது.”

“தெரியும் ரீச்சர். வாய்க்கால் வழிய அள்ளிக்கொண்டே வந்தனான். உங்கட வேலியடியில முடிஞ்சுது.” கச்சானைக் கிளறுவதை அவர் நிறுத்தவில்லை. “அதுதான் போன் எடுத்துக் கேட்டனான். நீங்களே சொன்னா நல்லது எண்டு.”

“அப்ப ஏன் கூட்டத்தில சொல்லேல்லை?”

என் மேல் உள்ள அன்பினால்தான் சொல்லாமல் விட்டார் என்று அதுவரை எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில் கொஞ்சம் அழுதும் இருக்கிறேன்.

அவர் நிமிர்ந்தார். “நான் சொன்னா ஆர் ரீச்சர் நம்புவினம்? ரீச்சரில பழி போடுறாள் எண்டு அதுக்கும் சேர்த்துத்தான் பேச்சு விழும். என்ட பிள்ளை உங்களிட்டத்தான் படிக்கிறா. வாற வருசம் சோதினை.”

அன்பு ஒன்றும் இல்லை. பயம். என்னைப் பார்த்துப் பயம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது.

அடுத்த கூட்டத்துக்குச் செயலாளர் வந்திருந்தார். ஆனாலும் எழுத்து வேலை எனக்கென்றே ஆகிவிட்டது. சென்ற கூட்டத்து அறிக்கையை நான்தான் எழும்பி வாசித்தேன். அவருடைய பெயரையும் வாசித்தேன். தலைவர் வழக்கம்போல, “திருத்தம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அது ஒரு முறைக்குக் கேட்பது.

“இருக்கு” என்றேன். “குளத்துக்கு அதைக் கொண்டு வந்தது அவா இல்லை. நான். கொழும்பால எடுப்பிச்ச கன்றோட வந்தது. தொட்டியைக் கழுவி வாய்க்காலுக்கு விட்டனான். அவா விடாதேங்கோ எண்டு சொன்னவா, நான் கேக்கேல்லை.”

ஏசப்போகிறார்கள், ஏசட்டும் என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். மண்டபத்தில் சிரிப்புத்தான் கேட்டது. நல்ல சிரிப்பு, பாசமான சிரிப்பு.

“ரீச்சருக்கு இளகின மனசு.”

“அவளின்ர பிள்ளை படிக்கிறதெல்லே இவாவிட்ட, அதுதான் பாவம் பாக்கிறா.”

“படிச்ச ஆக்கள் உப்பிடிச் செய்வினமோ? ரீச்சர், ஆரும் நம்புற கதையாச் சொல்லுங்கோ.”

“சத்தியமா நான்தான்” என்றேன். சத்தியம் செய்யச் செய்ய அவர்களுக்கு என் மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. தலைவர் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். “சரி, ரீச்சர் இவ்வளவு கேக்கிறா. அந்தப் பொம்பிளையை இந்த முறை மன்னிச்சு விடுவம். குளத்துக்கு இறங்கலாம் எண்டு ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோ ரீச்சர், நான் கையெழுத்து வைக்கிறன்.”

பேனையைக் கீழே வைத்திருக்கலாம். எழும்பி வெளியே போயிருக்கலாம். அவருக்குக் குளம் திரும்பக் கிடைக்கிறதே என்று என்னையே சமாளித்துக்கொண்டு எழுதினேன். ‘தங்களது செயலை மன்னித்து, இன்று முதல் அனுமதி வழங்குகிறோம்.’ எழுத்து வழக்கம்போல வடிவாகத்தான் வந்தது. கூட்டம் முடிய ஒரு வயதானவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்து, உங்களைப் போல நாலு பேர் இருந்தால் ஊர் உருப்படும் என்றார்.

கடிதத்தைக் கொண்டுபோனேன். மெல்லிய தூறல். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, வாசற்படியில் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“மன்னிச்சிருக்கினமோ?” என்றார். “ஆரை?”

நான் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னதையும் அவர்கள் நம்பாததையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

“இந்த எழுத்து உங்கடதுதானே ரீச்சர்?”

“ஓம்.”

அவர் கடிதத்தை இரண்டாக மடித்தார். உள்ளே போய் ஒரு பொலித்தீன் பை எடுத்து வந்து, மழை படாதபடி அதைப் பைக்குள் வைத்து, வாயைச் சுருட்டிக் கட்டினார். வேர் நோகாமல் கன்று கட்டுகிற அதே கட்டு. என் கையில் தந்தார்.

“எடுத்த இடத்தில கொண்டு போய் விடுங்கோ ரீச்சர்.”

மகளின் சோதினை முடிய அவர்கள் மல்லாவிப் பக்கம் அவருடைய தமையன் வீட்டோடு போய்விட்டார்கள். இங்கே குளத்தில் தாமரை பூக்கிறது, இறங்கிப் பறிக்க ஆள் இல்லை. என் தொட்டியில் அந்த நீல அல்லி இன்னும் நிற்கிறது. வருகிறவர்கள் எங்கே எடுத்தது என்று கேட்கிறார்கள். எங்கள் குளத்து வடக்குக் கரை என்று சொல்லுகிறேன்.

அந்தக் கடிதத்தை நான் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன்.